லாங்மையர் நாவல்கள்: தீர்ப்புக்குப் பிறகும் அதே ஊரில் இருக்கிற ஷெரிஃப்

துப்பறியும் கதைகளில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை இருந்தது. துப்பறிகிறவர் எங்கிருந்தோ வருவார், எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்துக் குற்றவாளியைச் சுட்டிக்காட்டுவார், அடுத்த ரயிலைப் பிடித்துக் கிளம்பிவிடுவார். அந்த வீட்டில் மறுநாள் காலை யார் முகத்தை யார் பார்த்தார்கள் என்று கதை கேட்பதே இல்லை. கிரெய்க் ஜான்சன் எழுதிவரும் வால்ட் லாங்மையர் நாவல்களைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு கவுண்டிக்கு, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான ஒரு பகுதிக்கு, வால்ட் ஷெரிஃப், அங்கே போலீஸ் தலைவர் மாதிரி. கைவிலங்கு மாட்டப்படுகிற பையனைச் சின்ன வயதிலிருந்து அவருக்குத் தெரியும். அவனுடைய அம்மாவை அடுத்த வாரம் கடையிலோ சாலையிலோ பார்த்தாக வேண்டும். அப்புறம் தேர்தல் வரும்போது அந்த அம்மாவிடமும் ஓட்டுக் கேட்க வேண்டும்.

முதல் நாவல் 'தி கோல்ட் டிஷ்' 2004-ல் வந்தது. இப்போது நாவல்களின் எண்ணிக்கை இருபதைத் தாண்டிவிட்டது. நான் எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்கவில்லை, நடுவில் ஒன்றிரண்டை விட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். ஆனால் படித்த வரைக்கும் ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: கொலைகாரன் யார் என்ற புதிர் சுமாராக இருக்கிற நாவல்களில்கூட அந்த ஊர் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிடுகிறது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வயோமிங்கில் நிஜமாக இருப்பவை 23 கவுண்டிகள். ஜான்சன் இருபத்து நான்காவதாக ஒன்றைக் கற்பனை செய்து பிக் ஹார்ன் மலையடிவாரத்தில் வைத்து, அதற்கு அப்சரோக்கா என்று பெயர் கொடுத்தார். அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1939-ல் வடக்கு வயோமிங், தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதி, மொன்டானா மாநிலத்தின் ஒரு மூலை ஆகியவற்றைச் சேர்த்து அப்சரோக்கா என்ற தனி மாநிலமே வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள், அதற்கென வண்டி நம்பர் பிளேட்டுகூட அடித்துவிட்டார்கள். மாநிலம் வரவில்லை, பெயர் நாவலுக்கு வந்துவிட்டது. நாவலில் வரும் டுரண்ட் நகரத்துக்கு முன்மாதிரி நிஜத்தில் இருக்கிற பஃபலோ என்ற சின்ன ஊர். அது ஜான்சன் என்றே பெயர் கொண்ட நிஜக் கவுண்டியின் தலைநகரம். அந்தக் கவுண்டியின் பரப்பு சுமார் 10,800 சதுர கிலோமீட்டர், 2020 கணக்கெடுப்பில் மக்கள் தொகை சுமார் 8,400. அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஆள்கூட இல்லை. ஒரு பிணம் கிடக்கிறது என்று போன் வந்தால் அங்கே போய்ச் சேரவே பாதி நாள் ஆகிவிடும், அதற்குள் பனி கொட்டித் தடயம் மூடிப்போகும், வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாலும் துணைக்கு ஆள் வர இன்னொரு பாதி நாள். இந்தக் கதைகளில் சஸ்பென்ஸ் பெரும்பாலும் இந்தத் தூரத்திலிருந்துதான் பிறக்கிறது.

ஷெரிஃப் என்றதும் நெஞ்சில் நட்சத்திர பேட்ஜ், நடுத்தெருவில் நேருக்கு நேர் துப்பாக்கிச் சண்டை, இதுதான் பலருக்கும் ஞாபகம் வரும். உண்மையில் அந்தப் பதவி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற பதவி. வயோமிங்கில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். ரோந்து, விசாரணை மட்டும் அவர் வேலை என்று நினைக்க வேண்டாம். கவுண்டி சிறையை நடத்துவது, கோர்ட் சம்மனைக் கொண்டுபோய்க் கொடுப்பது, மலையில் தொலைந்துபோனவரைத் தேடுவது, எல்லாமே அவர் தலையில்தான். இந்தச் சில்லறை வேலைகளை ஜான்சன் விடாமல் எழுதுகிறார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் ஒரு கொலை வழக்கின் நடுவில் வால்ட் யாரோ ஒரு கிழவரின் வேலிச் சண்டையைத் தீர்க்கப் போவார், அந்த வேலி ஓரத்தில் கேட்ட ஒரு வார்த்தை எண்பது பக்கம் தள்ளி வேலைக்கு வரும்.

நிஜ ஊரான பஃபலோவுக்கு ஷெரிஃப் பதவி பற்றிய ஒரு பழைய நினைவும் உண்டு. 1892 ஏப்ரலில் பெரிய மாட்டுப் பண்ணை முதலாளிகள் டெக்சாஸிலிருந்து துப்பாக்கிக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி, சிறு பண்ணைக்காரர்களுக்கு மாட்டுத் திருடர்கள் என்று பட்டம் கட்டி, கொல்லப் புறப்பட்டு வந்தார்கள். நேட் சாம்பியன் என்பவரை அவர் தங்கியிருந்த வீட்டிலேயே வளைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அப்போதைய ஷெரிஃப் ரெட் ஆங்கஸ் ஊர் மக்களைத் திரட்டிக்கொண்டு போய், அந்தக் கூலிப்படையை ஒரு பண்ணையில் முற்றுகையிட்டார். கடைசியில் ராணுவக் குதிரைப்படை வந்து காப்பாற்றியது கூலிப்படையைத்தான். ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. பணம் இருப்பவனுக்குச் சட்டம் வளைந்து கொடுக்கும், ஷெரிஃப் வளையக் கூடாது என்ற எதிர்பார்ப்பு அந்த மண்ணில் எங்கிருந்து வந்தது என்று இதைப் படித்த பிறகு எனக்குப் புரிந்தது.

சரி, முதல் நாவலுக்கு வருகிறேன், முடிவைச் சொல்லாமல். செயேன் பழங்குடிச் சிறுமி ஒருத்தி, மனவளர்ச்சி குன்றியவள், நான்கு வெள்ளைக்காரப் பையன்களால் சீரழிக்கப்படுகிறாள். கோர்ட் அவர்களை லேசான தண்டனையோடு அனுப்பிவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து அந்த நால்வரில் ஒருவன் வெகு தூரத்திலிருந்து சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். மிச்சம் மூன்று பேரைக் காப்பாற்ற வேண்டியது வால்ட்டின் கடமை. அந்தப் பையன்களை அவருக்கும் பிடிக்காது, அந்தத் தீர்ப்பு அவருக்கும் ஆறாத வலி, இருந்தும் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். சந்தேகப்படும்படியான துப்பாக்கியோ ஷார்ப்ஸ் என்ற பழைய ரகம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டெருமை வேட்டைக்குப் பேர்போனது. அந்த எருமைகளை நம்பி வாழ்ந்தவர்கள் செயேன் மக்கள். அப்படிப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பவர்கள், அவ்வளவு தூரத்திலிருந்து குறி தவறாமல் சுடத் தெரிந்தவர்கள் யார் யார் என்று வால்ட் யோசிக்க ஆரம்பித்தால் வருகிற பெயர்கள் எல்லாம் அவருக்கு வேண்டியவர்கள். அதில் ஒருவர் அந்தச் சிறுமிக்கு உறவினர், வால்ட்டின் உயிர்த் தோழர், ஹென்றி ஸ்டாண்டிங் பேர். நண்பனிடம் 'அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்' என்று கேட்டே ஆக வேண்டிய ஒரு மனிதனின் தவிப்பை இவ்வளவு நிதானமாக, இவ்வளவு மரியாதையோடு எழுதிய குற்றப் புனைவு வேறெதையும் நான் படித்ததில்லை.

ஹென்றியைப் பற்றி எழுதினால் நான் நிறுத்த மாட்டேன். வடக்கு செயேன் இனத்தவர், 'ரெட் போனி' என்ற மதுக்கடை நடத்துகிறார், வால்ட்டைப் போலவே வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். ஆங்கிலத்தில் வார்த்தைகளைச் சுருக்கிப் பேசவே மாட்டார், 'டோன்ட்' என்று நாம் சொல்லுமிடத்தில் 'டூ நாட்' என்று முழுசாகச் சொல்வார், அதனாலேயே பெயர் போடாத உரையாடலில்கூட அவர் குரல் தனியாகக் கேட்கும். வெள்ளைக்கார ஷெரிஃபுக்குப் பக்கத்தில் ஒரு செவ்விந்தியத் துணைவர் என்ற பழைய அச்சு ஒன்று உண்டு. ஹென்றி அதில் அடங்குகிறவர் இல்லை. பல இடங்களில் வால்ட்டைவிட அவர்தான் முதலில் விஷயத்தைப் பிடிக்கிறார், சொல்ல வேண்டிய நேரம் வரும் வரை சொல்லாமல் இருக்கிறார்.

வடக்கு செயேன் மக்களின் ரிசர்வேஷன், அதாவது பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலம், எல்லை தாண்டி மொன்டானாவில் இருக்கிறது. இந்த எல்லைக்கோடு கதைகளில் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும். அந்த நிலத்தில் வயோமிங் ஷெரிஃபான வால்ட்டுக்கு அதிகாரம் இல்லை. பழங்குடியினர் அங்கே செய்கிற கொலை மாதிரியான பெரிய குற்றங்கள் 1885-ல் வந்த ஒரு சட்டத்தின்படி மத்திய அரசின் கைக்குப் போய்விடும், ஆகவே மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வரும். பழங்குடி அல்லாதவர் அங்கே குற்றம் செய்தால் பழங்குடி நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது, அதற்குப் பிறகு சில விதிவிலக்குகள் வந்தாலும் அடிப்படை அதுதான். இப்படி ஒருவர் கைகாட்ட இன்னொருவர் கைவிரிக்க, நடுவில் விழுந்து காணாமல் போகிற பெண்களைப் பற்றித்தான் 2021-ல் வந்த 'டாட்டர் ஆஃப் தி மார்னிங் ஸ்டார்'. பள்ளி கூடைப்பந்து வீராங்கனை ஒருத்திக்கு மிரட்டல் வருகிறது, அவளுடைய அக்கா ஏற்கெனவே காணாமல் போனவள். படிக்கும்போது கோபம் வந்துகொண்டே இருந்தது, வர வேண்டிய கோபம்தான்.

'ட்ரை போன்ஸ்' இன்னொரு தினுசு. செயேன்காரர் ஒருவரின் நிலத்தில் டைனோசர் எலும்புக்கூடு கிடைக்கிறது, நிலக்காரர் குளத்தில் பிணமாகக் கிடக்கிறார், எலும்பு யாருக்குச் சொந்தம் என்று எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். மிகைப்படுத்தல் என்று நினைத்தால், நிஜக் கதையைக் கேளுங்கள். 1990-ல் தெற்கு டகோட்டாவின் ஒரு ரிசர்வேஷனில் 'சூ' என்று பெயர் வைக்கப்பட்ட டைரனோசரஸ் கிடைத்தது. தோண்டி எடுத்தவர்கள் நிலக்காரருக்கு 5,000 டாலர் கொடுத்திருந்தார்கள், நிலமோ அரசின் பொறுப்பில் இருந்தது, 1992-ல் எஃப்.பி.ஐ. வந்து எலும்புகளை அள்ளிக்கொண்டு போனது, பெரிய வழக்குக்குப் பிறகு 1997-ல் சுமார் 83 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போய் இன்று சிகாகோவின் ஃபீல்ட் மியூசியத்தில் நிற்கிறது. ஜான்சனின் நல்ல நாவல்கள் எல்லாமே இப்படித்தான், அந்த மண்ணில் உண்மையாக நடந்த ஒரு சண்டையை எடுத்து அதன் மேல் கட்டுகிறார். 'டெத் விதவுட் கம்பெனி'யில் முதியோர் இல்லத்தில் இறந்துபோகிற பாஸ்க் இனத்துப் (ஸ்பெயின்–பிரான்ஸ் எல்லைப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள்) பாட்டியின் பின்னால் நிலத்தடி மீத்தேன் பணம் இருக்கிறது. பாஸ்க் ஆட்டு மந்தைக்காரர்களும் சரி, மீத்தேனும் சரி, அந்தப் பகுதியின் நிஜங்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'ஹெல் இஸ் எம்ப்டி', 2011. தப்பியோடிய கைதி ஒருவனைத் துரத்திக்கொண்டு வால்ட் தனியாக மலையேறுகிறார், பனிப்புயல், உச்சிச் சிகரத்தின் உயரம் 4,000 மீட்டருக்கு மேல். பாதி நாவலில் அவர் ஒருவர்தான், அவர் பார்ப்பதில் எது நிஜம், எது குளிரும் களைப்பும் காட்டுகிற தோற்றம் என்று நமக்கும் தெரியாது, ஜான்சனும் அவசரப்பட்டுச் சொல்லிவிடுவதில்லை. ஆவிகள், தரிசனங்கள் எல்லாம் துப்பறியும் கதையில் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வால்ட் இதையெல்லாம் விளக்க முயல்வதில்லை, நம்பச் சொல்லி நம்மை வற்புறுத்துவதும் இல்லை, நடந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த அடி எடுத்து வைக்கிறார். அதனால் எனக்கு உறுத்தவில்லை.

வால்ட்டே 'நான்' என்று தன்மையில் கதை சொல்கிறார், அது பெரிய பலம். மனைவி மார்த்தா புற்றுநோயில் போய்விட்டாள், கட்டி முடிக்காத மரவீட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் தனியாக இருக்கிறார். வருத்தத்தை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், அந்தப் பெட்டிகள் சொல்லும். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த டெபுடி (துணை ஷெரிஃப்) விக் மொரெட்டி வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான், ஆனால் விசாரணையில் வால்ட்டைவிடக் கூர்மை. ஆபீஸில் போனையும் வயர்லெஸ்ஸையும் கவனிக்கிற ரூபி கதவில் ஒட்டிவைக்கிற குறிப்புச் சீட்டுகள், ஒற்றைக் காலோடு முதியோர் இல்லத்தில் இருந்துகொண்டு செஸ் ஆடக் கூப்பிடும் முன்னாள் ஷெரிஃப் லூசியன். இவர்களைத் திரும்பப் பார்க்கத்தான் அடுத்த நாவலை எடுக்கிறோம் என்று தோன்றுகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வால்ட் ஊரைவிட்டு வெளியே போகும் கதைகள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மகளைத் தேடி மெக்சிகோ பாலைவனத்துக்குப் போகிற 'டெப்த் ஆஃப் வின்டர்' நல்ல வேகம்தான், ஆனால் அங்கே அவருக்கு ஓட்டுப் போட்டவர் யாரும் இல்லை, நாளைக்கு முகம் பார்க்க வேண்டியவர் யாரும் இல்லை, வெறும் ஆக்‌ஷன் நாயகனாகிவிடுகிறார். அறுபதை நெருங்கும் மனிதர் வாங்குகிற அடிகளும் கணக்கில்லாமல் போகின்றன. அவ்வளவு சின்ன ஜனத்தொகையில் இத்தனை கொலைகளா என்ற கேள்வியும் பத்தாவது நாவலுக்கு மேல் வரத்தான் செய்கிறது.

இந்த நாவல்களை வைத்து எடுத்த 'லாங்மையர்' டிவி தொடரைப் பார்த்தவர்கள் நாவல் படிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும். 2012-ல் ஏ அண்ட் ஈ சேனலில் தொடங்கியது, மூன்று சீசன் முடிந்ததும் கைவிட்டார்கள். பார்வையாளர்கள் குறைவென்று கைவிடவில்லை, விளம்பரதாரர்கள் விரும்புகிற இளவயதுக்காரர்கள் அதில் குறைவு. நெட்ஃபிளிக்ஸ் எடுத்து 2017 வரை ஆறு சீசனாக முடித்தது. வால்ட்டாக நடித்த ராபர்ட் டெய்லர் ஆஸ்திரேலியர் என்பதைக் கேள்விப்பட்டபோது நம்ப முடியவில்லை, அவ்வளவு பொருத்தம். லூ டைமண்ட் ஃபிலிப்ஸின் ஹென்றியும் மனதில் நிற்கிறார். படமாக்கியது நியூ மெக்சிகோவில். தொடரின் வால்ட் இறுக்கமானவர், கோபக்காரர். நாவலின் வால்ட் சிரிக்கத் தெரிந்தவர், நிறையப் படிக்கிறவர், தன் தவறை முதலில் ஒப்புக்கொள்கிறவர். எனக்கு நாவலின் வால்ட்தான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால் 'தி கோல்ட் டிஷ்' தான், முதல் ஐம்பது பக்கம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அது பிடித்துவிட்டால் அடுத்து 'டெத் விதவுட் கம்பெனி', அப்புறம் 'அனதர் மேன்ஸ் மொக்கசின்ஸ்'. ஆங்கில உரைநடை கொஞ்சம் சுற்றி வளைக்கிறது என்று தோன்றினால் ஜார்ஜ் கைடால் வாசித்த ஆடியோபுக்குகளைக் கேளுங்கள், லூசியனின் கரகரப்பையும் ஹென்றியின் நிதானத்தையும் அவர் தனித்தனியாகக் கொண்டுவருகிறார். பனிமலை நாவலை நான் கண்ணால்தான் படித்தேன், இந்த முறை விளக்கை அணைத்துவிட்டு அவர் குரலில் கேட்கப் போகிறேன்.