வயர் இல்லாத கருவிகளும் வீவகச் சுவரும்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

பேட்டரி டிரில் வாங்கலாமா, வயர் உள்ளதே போதுமா என்று கேட்பவர்களிடம், "உங்கள் வீட்டுச் சுவர் என்ன சுவர்?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். பலகையில் ஸ்க்ரூ முடுக்கும் வரை எல்லாக் கருவியும் நல்ல கருவிதான். வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கான்கிரீட் சுவரில் திரைச்சீலைக் கம்பி மாட்டப் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

பொங்கோலில் பிடிஓ (முன்பதிவுக்குப் பிறகு கட்டித் தரும் வீவக) வீட்டுச் சாவி கைக்கு வந்ததிலிருந்து 18 வோல்ட் பேட்டரிக் கருவிகளைத்தான் பயன்படுத்துகிறேன். உடைப்பு வேலை, மின்சார வேலை எல்லாம் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. அலமாரிகள், கட்டில் மேடை, சமையலறைத் தட்டுகள், தம்பி வீட்டுப் பூஜை மாடம் போன்றவற்றை நானே செய்தேன். நான் எடுத்தது மகிட்டாவின் எல்எக்ஸ்டி வரிசை. 2005இல் வந்த அந்த 18 வோல்ட் வரிசை இன்னும் தொடர்கிறது என்பதுதான் முக்கியக் காரணம்.

முதலில் சுவர். புதிய வீவக வீடுகளில் பல சுவர்கள் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்திய கான்கிரீட். உள் தடுப்புகள் சில இடங்களில் எடை குறைந்த பலகைச் சுவர்கள். பலகைச் சுவருக்கு எந்த டிரில்லும் போதும். கான்கிரீட்டில், 'ஹேமர்' என்று போட்டிருக்கும் சாதாரணப் பேட்டரி டிரில் படாதபாடு படும். அதற்குள் இரண்டு பல் தகடுகள் ஒன்றோடொன்று உரசித்தான் அதிர்வு உண்டாகிறது. நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் அடி. ரோட்டரி ஹேமர் என்ற கருவி அப்படியில்லை. உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்த அழுத்தத்தால் பிட்டை (துளையிடும் முனையை) அடிக்கிறது. கை அழுத்தம் அதிகம் தேவையில்லை. 6 மில்லிமீட்டர் துளைக்கு முதலாவது அலறி அலறிச் சூடாகும் நேரத்தில், இரண்டாவது சில விநாடிகளில் முடித்துவிடும். அதனால் சொல்கிறேன், கான்கிரீட் வீட்டில் இருப்பவர் ஒரே ஒரு பெரிய கருவிக்குப் பணம் போடுவதானால் சிறிய எஸ்டிஎஸ் பிளஸ் (பிட்டைச் சொருகினாலே பூட்டிக்கொள்ளும் வகை) ரோட்டரி ஹேமருக்குப் போடுங்கள்.

இது அக்கம்பக்கத்துக்கும் நல்லது. பேட்டரிக் கருவி என்றால் சத்தம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். சுவரில் அடிக்கும் சத்தத்துக்கும் வயருக்கும் சம்பந்தமே இல்லை. கான்கிரீட் வழியாக அது இரண்டு மூன்று மாடி போகும். சத்தம் சீக்கிரம் முடிகிறதா என்பதுதான் கேள்வி. ரினோவேஷனில் சத்தம் மிகுந்த வேலைகளுக்கு வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கிடையாது. சின்ன வேலையாக இருந்தாலும் நான் அந்த நேரத்துக்குள்தான் துளை போடுவேன், அதுவும் கீழ் வீட்டு மாக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) சொல்லிவிட்டு. அவருடைய பேரன் மதியம் தூங்குவான்.

வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டரின் (குண்டுவெடிப்புப் பாதுகாப்பு அறையின்) சுவரில் மட்டும் எந்தக் கருவியோடும் போய் நிற்காதீர்கள். அங்கே என்ன செய்யலாம், என்ன கூடாது என்பதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் உண்டு. முதலில் அதைப் படியுங்கள்.

பேட்டரிக் கருவியின் உண்மையான பலம் தெரிவது மர வேலையில். அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கீல் பொருத்தும்போது, ஏணி மேல் நின்று மாட்டும்போது, வயர் காலில் சிக்காமல் இருப்பது பெரிய நிம்மதி, பாதுகாப்பும்கூட. குளியலறை டைல்ஸில் துளை போடும்போது ஹேமர் அதிர்வை நிறுத்திவிட்டு, மெதுவாகச் சுற்றவிட்டு, தண்ணீர் தொட்டுத் தொட்டுப் போட வேண்டும். ஈரமான அந்த இடத்தில் 230 வோல்ட் வயர் கிடக்காமல் இருப்பதே நல்லது.

சுற்றிக்கொண்டே தட்டித் தட்டி ஸ்க்ரூ முடுக்கும் இம்பாக்ட் டிரைவரை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. தடித்த மரத்தில் நீள ஸ்க்ரூ இறக்க அது அருமை. நம் வீடுகளில் இருப்பதோ பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டும் ப்ளைவுட்டும். கொஞ்சம் அசந்தால் ஸ்க்ரூ பலகையைத் துருவிவிட்டு வெறுமனே சுற்றும். எண்கள் போட்ட கிளட்ச் வளையம் (வைத்த அளவு முறுக்கியதும் விட்டுவிடுவது) உள்ள டிரில் டிரைவரே போதும். கடையில் வாங்கிய அலமாரியைப் பூட்டுவதோடு வேலை முடியும் என்றால் 12 வோல்ட் கருவியே நிறைவு, கையும் வலிக்காது.

இனி பலவீனம். கிரைண்டரும் வட்ட ரம்பமும்தான் பேட்டரியைச் சோதிப்பவை. கணக்கு எளிது. ஒரு கருவி 500 வாட் இழுத்தால், 18 வோல்ட்டில் அது 28 ஆம்பியருக்குப் பக்கம். 2 ஆம்பியர்-மணி (கொள்ளளவு) பேட்டரிக்குள் வழக்கமாக ஐந்து செல்கள் ஒரே வரிசையில் இருக்கும். ஒவ்வொன்றும் அந்த 28 ஆம்பியரையும் சுமக்க வேண்டும். 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் பத்து செல்கள், இரண்டு இரண்டாகப் பக்கம் பக்கமாக இணைத்தவை, சுமை பாதியாகிறது. பெரிய பேட்டரி போட்டால் நேரம் மட்டுமல்ல, பலமும் கூடுவது இதனால்தான். அப்படியும் டைல்ஸ் வெட்டும் வேலை தொடர்ந்தால் சூடாகித் தானே நின்றுவிடும். சுடச்சுடக் கழற்றி மாட்டினால், பேட்டரி ஆறும் வரை சார்ஜரும் காக்க வைக்கும். நம் ஊர் வெயிலில் அது நீண்ட காத்திருப்பு. கிரைண்டரை மட்டும் நான் வயரோடுதான் வைத்திருக்கிறேன். விலையும் குறைவு, நிற்கவும் நிற்காது.

அப்புறம், லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. முழுதாக சார்ஜ் செய்து வெயில் படும் யார்டில் வைத்தால் ஆயுள் குறையும். பாதி சார்ஜில், படுக்கையறை அலமாரியில் வைப்பது என் வழக்கம். ஆட்கள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுவேன், வாசல் கதவருகே போடமாட்டேன். அடுக்குமாடியில் வெளியேறும் வழியில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். இணையத்தில் பாதி விலைக்கு வரும் 'பொருந்தும்' பேட்டரிகளை இதே காரணத்துக்காக வாங்குவதில்லை. உள்ளே பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக இருக்கிறதா என்று திறந்து பார்க்கவா முடியும்?

வாங்கும்போது கருவியைவிடப் பேட்டரி வரிசையைப் பாருங்கள். ஒரே நிறுவனம் என்றாலும் பேட்டரி பொருந்தும் என்று சொல்ல முடியாது. பாஷில் பச்சை நிறக் கருவிகளின் 18 வோல்ட் பேட்டரி நீல நிறக் கருவிகளில் ஏறாது. முதலில் இரண்டு பேட்டரி, சார்ஜரோடு ஒரு செட். பிறகு தேவைப்படும்போது பேட்டரி இல்லாத பாடி மட்டும் வாங்கினால் போதும். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு வாங்கலாம். பேட்டரியில் தயாரிப்புத் தேதி இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துப் போக நினைப்பவர்களுக்கு: கருவி செக்-இன் பெட்டியில், உதிரி பேட்டரி முனைகளை மூடிக் கைப்பையில். விமானத்தில் 100 வாட்-மணி (வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வருவது) வரை பொதுவாகத் தடையில்லை. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி. 6 ஆம்பியர்-மணி என்றால் 108 ஆகிவிடும், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.