ஏழு நாள் முகாமா, எட்டு வாரத் தங்கலா?

கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்குள் வந்து இறங்கினால் பெரியவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை நாளு இருப்பீங்க?" என்றுதான். தமிழ்நாட்டில் மாணவர்கள் கிராமத்துக்குப் போகும் மூன்று வழிகளை இந்தக் கேள்வியை வைத்தே எடை போட்டுப் பார்க்கலாம்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு தொடங்கியது. எந்தத் துறை படித்தாலும் சேரலாம் என்பதே இதன் பெரிய பலம். கலை அறிவியல் கல்லூரிகளில் 'பகுதி 5' (பாடத்துக்கு வெளியே செய்யும் சேவைப் பணி) கிரெடிட்டுக்காகப் பெயர் கொடுப்பவர்களும் நிறைய உண்டு (நானும் அந்தக் கணக்குதான்). வருடத்துக்கு 120 மணி நேரச் சேவை, இரண்டு வருடத்தில் 240. அது போக ஏழு நாள் சிறப்பு முகாம்.

பேசப்படுவது எல்லாம் அந்த முகாம்தான். ஊராட்சிப் பள்ளியில் படுக்கை, அண்டாவில் சாம்பார், காலையில் குளம் தூர்வாருவது, மாலையில் தெருமுனை நாடகம், கடைசி நாள் பொன்னாடை. நகரத்துப் பிள்ளைக்கு அந்த ஏழு நாள் பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் ஊருக்கு? சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க நேரமில்லாமல் தரைமட்டத்துக்கு வெட்டிவிட்டு வந்தால், அடுத்த மழைக்கு அது முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்து நிற்கும். நட்ட மரக்கன்றுக்கு எட்டாம் நாள் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. பல கல்லூரிகளில் ஓரிரு வருடத்தில் முகாமே வேறு ஊருக்கு மாறிவிடும்.

அடுத்தது, வேளாண் கல்லூரி மாணவர்களின் கிராமத் தங்கல் திட்டம். இது விருப்பப்பாடம் இல்லை, பட்டத்தின் ஒரு பகுதி. வேளாண் படிப்புகளுக்காக அமைக்கப்பட்ட ஐந்தாவது டீன்கள் குழு வகுத்த பாடத்திட்டப்படி மொத்தம் 20 வாரம், அதில் 8 வாரம் கிராமத்தில். ஒரு விவசாயியோடு சேர்ந்து அவருடைய வயலில் வேலை கற்றுக்கொள்ள வேண்டும். தரையில் கோலமாவால் ஊரின் வளங்களை வரைபடமாகப் போடுவார்கள். "கிணறு அங்க இல்லம்மா, இந்தப் பக்கம்" என்று ஊர்ப் பெண்கள் திருத்தும்போதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. விதை நேர்த்தி, பூச்சியைப் பிடிக்கும் மஞ்சள் ஒட்டுப்பொறி, தென்னை வேரில் 200 மில்லி சத்து டானிக் பையைக் கட்டிவிடுவது என்று கையில் ஒரு தொழிலோடு வருவதால் விவசாயியும் நின்று கேட்கிறார். குறை என்னவென்றால், எந்த ஊருக்குப் போனாலும் அதே செயல்விளக்கங்கள், அதே பேனர், ரெக்கார்டுக்கு அதே போட்டோ. தென்னையே இல்லாத ஊரில் தென்னை டானிக்கைப் பற்றிப் பேசி என்ன செய்ய? அப்புறம், செமஸ்டர் முடிந்தால் கிளம்பிவிடுவார்கள். பூச்சி அதற்குப் பிறகு வரும்.

மூன்றாவது புதியது. 2021-22 எம்.பி.பி.எஸ். பேட்ச் முதல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்பு. ஒரு மாணவருக்கு 3 முதல் 5 குடும்பம். முதலாண்டிலேயே தொடங்கி, அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை பார்க்க வேண்டும். முதல் வருடத்தில் மூட்டுவலிக்கு மருந்து கேட்டால் மாணவர் முழிப்பார். அகில இந்திய ஒதுக்கீட்டில் வடக்கிலிருந்து வந்தவருக்குப் பாட்டி சொல்வதே புரியாது. "சும்மா வந்து எழுதிட்டுப் போறாங்க" என்ற சலிப்பும் வீடுகளில் வரும். இருந்தாலும் போன தடவை சொன்ன மாத்திரையைச் சாப்பிட்டாரா என்று அதே வாசலில் நின்று கேட்க வேண்டிய கட்டாயம் மூன்றில் இதற்கு மட்டும்தான் இருக்கிறது. ஊரின் பக்கம் நின்று பார்த்தால் என் ஓட்டு இதற்கே. அடுத்துத்தான் கிராமத் தங்கல்.

சரி, பி.காம். படிப்பவர் என்ன செய்வது? அவருக்கு என்.எஸ்.எஸ்.தான் வழி. அப்படியானால் முகாமை ஓரமாக வைத்துவிட்டு அந்த 120 மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். சனிக்கிழமை நாலு மணி நேரம் என்றால் 30 வாரம். ஒரே தெரு, ஒரே மாலை வகுப்பு, 30 வாரம் என்பது எட்டு வாரத் தங்கலுக்கே சவால் விடும்.

பெயர் கொடுக்கும் முன் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலரிடம் ஒன்று கேளுங்கள்: "சார், போன வருஷம் எந்த ஊரு, இந்த வருஷம் எந்த ஊரு?" இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தால் கையெழுத்துப் போடுங்கள்.