ஃபாஸ்டிஃபையுடன் மூன்று ஆண்டுகள்: எழ மறுத்த சர்வர்

கடலூர் முதுநகரில் மீன் ஏலக் கணக்குக்கு மென்பொருள் எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர், ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்கான ஃபாஸ்டிஃபையை எடுக்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். புதுச்சேரியில் ஒரு விருந்தினர் இல்லத்தின் முன்பதிவுத் தளத்தை 2022 இறுதியிலிருந்து அதில்தான் நடத்தி வருகிறேன். அதன் வேகத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது அதில் துண்டு துண்டாகச் சேர்க்கும் நிரல் பகுதிகளான செருகுநிரல்களைப் பற்றி.

இதில் ஒரு செருகுநிரலுக்குள் பதிவு செய்யும் ஹூக்கும் (கோரிக்கையின் குறிப்பிட்ட கட்டத்தில் தானாக ஓடும் நிரல்) டெக்கரேட்டரும் (சர்வரிலோ கோரிக்கையிலோ கூடுதலாகச் சேர்க்கும் பொருள்) அதற்கும் அதன் கிளைகளுக்கும் மட்டுமே செல்லும். பக்கத்துக் கிளைக்குத் தாவாது. வரவேற்பு மேசை ஊழியர்களுக்கான பகுதியில் உள்நுழைவுச் சோதனையை ஒரு ஹூக்காக வைத்தபோது, அறை தேடும் விருந்தினர்களின் பகுதியில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. முன்பு எக்ஸ்பிரஸ் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கில் மிடில்வேர்களின் (கோரிக்கை வரிசையாகக் கடந்து போகும் இடைநிலை நிரல்கள்) வரிசையை மாற்றும்போதெல்லாம் எந்த வழி பூட்டப்படாமல் கிடக்கிறதோ என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த எனக்கு, இந்த ஒரு குணமே பெரிய நிம்மதி. தரவுத்தள இணைப்பைப் போல எல்லாப் பகுதிக்கும் வேண்டியதை மட்டும், இந்த எல்லையை நீக்கும் ஃபாஸ்டிஃபை-பிளக்இன் உறையில் சுற்றித் தர வேண்டும்.

கோபம் வந்தது 5ஆம் பதிப்புக்கு மாறியபோது. 4ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜூனில் முடிந்துவிட்டதால் மாறாமல் இருக்க முடியவில்லை. வார இறுதிக் கூட்டம் தொடங்குமுன் ஏற்றிவிடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை சோதனைச் சர்வரை இயக்கினேன். அது எழவே மறுத்தது. விருந்தினர் தேர்ந்த தேதிகளை வைத்திருக்கும் ஒரு செருகுநிரல், தனக்கு 4ஆம் பதிப்புதான் வேண்டும் என்று தன் நிரலிலேயே அறிவித்திருந்தது. எழுதியவருக்கு அனுப்பிய மடலுக்குப் பதில் இல்லை. நிரலை எங்கள் கோப்புறைக்கே நகலெடுத்து, அந்த 4ஐ 5 ஆக்கினேன். மறுபடியும் மறுப்பு.

இந்த இரண்டாவது மறுப்பில் ஃபிரேம்வொர்க்கின் பக்கமே நியாயம் இருந்தது. அந்தச் செருகுநிரல், கோரிக்கை ஒவ்வொன்றிலும் சேர்க்க வேண்டிய பொருளுக்குத் தொடக்க மதிப்பாக ஒரே ஒரு வெற்று ஆப்ஜெக்டைக் கொடுத்திருந்தது. எல்லாக் கோரிக்கைகளும் அதையே பகிர்ந்துகொள்வதால் ஒருவர் தேர்ந்த தேதி இன்னொருவரின் பக்கத்தில் வந்து நிற்கலாம். 4ஆம் பதிப்பு இதற்கு எச்சரிக்கை மட்டும் தரும்; 5ஆம் பதிப்பு ஏற்க மறுக்கிறது. தொடக்க மதிப்பை நல் (null, எதுவும் இல்லை) என்று வைத்து, ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் ஹூக்கில் புதிய ஆப்ஜெக்டை நிரப்பினேன். நான்கு வரிகள்தான், ஆனால் அங்கே போய்ச் சேர இரவு ஒன்பது மணியாகிவிட்டது.

என் தளத்தை வேறெதற்கும் மாற்றப் போவதில்லை. இருந்தும் நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். அவர் தனியாளாக எழுதுகிறவர். அவர் பட்டியலில் பிறர் எழுதிய செருகுநிரல்கள் ஒன்பது இருந்தன, அவற்றில் நான்கு ஓராண்டுக்கு மேலாகத் தொடப்படாதவை.