ஒவ்வாமைக்கு ஊசியா, நாக்கின் அடியில் மாத்திரையா?

தும்மலும் மூக்கடைப்பும் ஓயாத குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் சிகிச்சை தொடங்கலாம் என்று மருத்துவர் சொன்னால், முக்கியமாக வழி இரண்டு. இரண்டுமே ஒவ்வாமையைத் தூண்டும் பொருளைக் கொடுத்து உடலைப் பழக்குகின்றன. இரண்டுக்கும் 3 முதல் 5 ஆண்டுகள் பொறுமை வேண்டும்.

ஊசி முறை, 1911-இல் லியோனார்டு நூன் என்ற ஆங்கிலேய மருத்துவர் மகரந்தச் சாற்றைச் செலுத்திப் பார்த்த காலத்திலிருந்து வருவது. முதல் சில மாதங்கள் வாரம் 1 அல்லது 2 முறை. பிறகு 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். அரிதாக வரும் கடும் எதிர்விளைவை உடனே கவனிக்கத்தான் இந்த ஏற்பாடு. எவ்வளவு அவசரமானாலும் அந்த அரை மணி நேரத்தைத் தயவுசெய்து குறைக்காதீர்கள். பல ஒவ்வாமைப் பொருள்களுக்குச் சேர்த்தே சிகிச்சை தர முடிவது இதன் பலம். தேனீ, குளவி நஞ்சு ஒவ்வாமைக்கு ஊசிதான்.

மாத்திரையில் முதல் வேளை மருத்துவர் முன்னிலையில். பின்பு தினமும் வீட்டில். வாய் அரிக்கலாம், கடும் எதிர்விளைவு ஊசியைவிடக் குறைவு. ஆனால் தூசிப்பூச்சி, புல் மகரந்தம் போன்ற சிலவற்றுக்கே கிடைக்கிறது.

ஊசியைக் கண்டு நடுங்கும் குழந்தைக்கு, அதுவும் தூசிப்பூச்சி மட்டுமே காரணம் என்றால், மாத்திரையைப் பற்றித்தான் நான் முதலில் கேட்பேன். ஆஸ்துமா கட்டுக்குள் வராதவரை இரண்டையுமே தொடங்கக் கூடாது.