பழைய புறநகரில் 9 வருடம்: குடியிருந்து பார்த்தவர் சொல்வது

நான் குடிவந்த அன்று, வண்டியிலிருந்து பீரோவை இறக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெரியவர் தன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை. "அந்தப் பின்பக்கக் கதவு மழைக்கு ஊதிக்கும்மா. இப்பவே இழைச்சு வெச்சுக்கோங்க" என்றார். எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்த நான்கு குடும்பங்களையும் அவர் பார்த்திருக்கிறார். அவர்கள் ஒவ்வொருவரும் மழைக்காலத்தில் அந்தக் கதவைத் தோளால் முட்டித் திறந்ததையும் பார்த்திருக்கிறார். முதல் மழையிலேயே கதவு ஊதியது.

பழைய புறநகர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். உங்கள் வீட்டைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்த ஒருவர் எதிரில் இருப்பார்.

இதற்கு முன் 4 வருடம் புதிதாகப் பிரித்த மனைப்பகுதி ஒன்றில் இருந்தேன். நேரான அகலமான சாலை, புதுக் குழாய், புது மின்கம்பம், எல்லாம் சரிதான். ஆனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் பாதி எழும்பிய சுவர். ஒரு வீடு முடிந்தால் அடுத்ததற்கு மணல் கொட்டுவார்கள். குடியிருந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் திரும்புவோம். பகலில் தெருவில் ஆளே இருக்காது. இங்கே காலிமனை கிடையாது. பத்து வயதுப் பையனும் எண்பது வயதுப் பாட்டியும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் வாசலில் நிற்பார். இந்த வித்தியாசம் வாங்கி வைத்து வருவதில்லை, ஊறி வருவது. இருபது முப்பது வருடம் ஆகும்.

அமைதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரதான சாலை எங்கள் வீட்டிலிருந்து சுமார் 350 மீட்டர். சாலை இரைச்சல் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஏறக்குறைய 3 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தால்தான் நம் காதுக்குப் பாதியானது போல் தோன்றும். ஆக, தூரம் மட்டும் பெரிதாக உதவாது. எங்கள் தெருவில் பலரும் "மரம்தான் சத்தத்தைத் தடுக்குது" என்பார்கள். ஒரு வரிசை மரம் தடுக்கும் சத்தம் மிகக் குறைவு. உண்மையில் தடுப்பது இடையில் நிற்கும் மூன்று வரிசை வீடுகள். மரம் செய்வது வேறு வேலை. வெயில் காலத்தில் பிரதான சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது, இரண்டாவது வீட்டு வாசலைத் தாண்டியதும் கழுத்தில் குளிர்ந்த காற்று படுவது தனியாகத் தெரியும். நிழலும், இலைகள் விடும் ஈரமும்தான் காரணம். நான் அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாக நடப்பேன்.

அதே மரம்தான் எனக்குப் பெரிய செலவும் வைத்தது. மூன்றாவது வருடம் குளியலறைத் தண்ணீர் இறங்க மறுத்தது. குச்சி விட்டுக் குத்தினோம், மருந்து ஊற்றினோம், ஒரு வாரம் சரியாக இருக்கும், மறுபடி நிற்கும். கடைசியில் வந்த பிளம்பர் கேட்டுக்குப் பக்கத்தில், கழிவுநீர்க் குழாய்கள் சேரும் சேம்பரின் மூடியைக் கடப்பாரையால் நெம்பினார். உள்ளே கையை விட்டு இழுத்தார். தலைமுடிச் சவுரி போல, என் முழங்கை நீளத்துக்கு, பழுப்பு நிற வேர்க் கற்றை வந்தது. இவ்வளவு மெல்லிய வேர்கள் ஒன்றோடொன்று பின்னி ஒரு குழாயையே அடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பழைய பகுதிகளில் போட்டிருப்பது சுட்ட களிமண் குழாய். துண்டு துண்டாக வைத்து இணைப்பில் பூசியிருப்பார்கள். வருடம் போகப் போகப் பூச்சு விரிசல் விடும், அந்த ஈரத்தைத் தேடி வேர் உள்ளே வரும். மரத்தை வெட்டலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். தெரு வரை பிவிசி குழாய் மாற்றினோம், செலவை இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம். அப்புறம் அந்தத் தொல்லை இல்லை.

பழைய குடியிருப்புக்குப் போகிறவர்கள் சுவரின் பெயிண்டைப் பார்க்கிறார்கள். தயவுசெய்து சேம்பர் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மின்சார வயரிங் எந்த வருடம் மாற்றியது என்றும் கேளுங்கள்.

கடை, பள்ளி, பேருந்து விஷயம் பரவாயில்லை. நடை தூரத்தில் எல்லாம் கிடைக்கிறது. அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெர்ரி என்பவர் 1929-ல் குடியிருப்புப் பகுதிக்கு ஒரு திட்டம் எழுதினார். நடுவில் பள்ளி, பெரிய சாலைகள் எல்லையில் மட்டும், கடைகள் மூலைகளில், மையத்திலிருந்து விளிம்புக்குக் கால் மைல். அதாவது 400 மீட்டர், ஐந்து நிமிட நடை. எங்கள் பகுதியை யார் எப்படி வரைந்தார்களோ, ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கிறது. முழங்கால் வலிக்கும் நாளிலும் என்னால் மருந்துக் கடைக்குப் போய்வர முடிகிறது. இரவு ஒன்பதுக்கு மேல் மட்டும் ஒன்றும் கிடையாது. கடைசிப் பேருந்தை விட்டால் திண்டாட்டம்தான். இருபத்தைந்து வயதில் தனியாக இருப்பவர்களுக்கு இந்த இடத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

தனிமை வேண்டும் என்பவர்களுக்கும் யோசனைதான். நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்பது தெருவுக்குத் தெரியும். ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் என்பவர் 1961-ல் தெருவின் மேல் இருக்கும் கண்களைப் பற்றி எழுதினார். ஆட்கள் இயல்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும் தெருதான் பாதுகாப்பானது என்றார். அவர் மனதில் இருந்தவை கடையும் நடமாட்டமும் நிறைந்த நகரத் தெருக்கள். எங்கள் தெருவில் கண்கள் கொஞ்சம்தான், பெரும்பாலும் வயதான கண்கள். ஆனால் நான் காய்ச்சலில் இரண்டு நாள் வெளியே வராதபோது மூன்றாம் நாள் காலை கதவைத் தட்டியது அந்தக் கண்களில் ஒன்று. "விளக்கு எரியலையேன்னு பார்த்தேன்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. என் சாவி ஒன்று இப்போது அவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அவருடையது என் வீட்டில்.

இதெல்லாம் எவ்வளவு எளிதாகக் கலையும் என்பதை ஆறாவது வருடத்தில் பார்த்தேன். பிரதான சாலையில் பாலம் வேலை தொடங்கியது. நான்கு மாதம். வழிகாட்டும் செயலி எங்கள் தெருவைக் குறுக்குவழியாகக் காட்ட ஆரம்பித்தது. காலை எட்டு மணிக்கு மூலையில் நின்று நானே எண்ணினேன், 10 நிமிடத்தில் 70 வண்டி. முன்பெல்லாம் பதினைந்தைத் தாண்டாது. முதல் வாரத்திலேயே பிள்ளைகளை உள்ளே அழைத்துவிட்டார்கள். அடுத்து, எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் நாற்காலி போடுவதை நிறுத்தினார். நான் இந்தப் பக்கக் கேட்டிலும் அவர் அந்தப் பக்கக் கேட்டிலும் நின்று பேசுவோம். இடையில் வண்டி போனால் நிறுத்தி, மறுபடி தொடங்க வேண்டும். ஒரு வாக்கியத்தை மூன்று தடவை தொடங்கினால் யாருக்கும் பேச்சு விட்டுப்போகும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போக ஆரம்பித்தோம்.

பிறகுதான் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பாளர் செய்த ஆய்வைப் படித்தேன். 1960-களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை அவர் ஒப்பிட்டார். நாளைக்குச் சுமார் 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். 16,000 வண்டி போகும் தெருவில் 0.9. முகம் தெரிந்தவர்களின் எண்ணிக்கையும் பாதிதான். படித்ததும் அந்த நாற்காலிதான் நினைவுக்கு வந்தது.

பாலம் முடிந்து வண்டிகள் குறைந்தன. நாங்கள் தெருவாசிகள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்து, இரண்டு முனையிலும் வேகத்தடை போடவைத்தோம். நாற்காலி திரும்ப வந்தது. மூலை வீட்டுக் குடும்பம் மட்டும் அந்த நான்கு மாதத்தில் பழக்கம் விட்டது, இன்னும் முன்போல் இல்லை.

மதிப்பெண் கேட்டால் 5-க்கு 4 கொடுப்பேன். கழித்த ஒன்று குழாய்க்கும் கடைசிப் பேருந்துக்கும்.

வரப்போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து பார்க்காதீர்கள், அப்போது எந்தத் தெருவும் அமைதிதான். வேலைநாள் காலை எட்டு மணிக்கு வந்து மூலையில் 10 நிமிடம் நின்று வண்டிகளை எண்ணுங்கள். மாலை ஆறு மணிக்கு இன்னொரு தடவை வாருங்கள். இரண்டு கேட்டுகளில் நிற்பவர்கள் குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். பேசிக்கொண்டிருந்தால், அந்த வீட்டின் எந்தக் கதவு மழைக்கு ஊதும் என்று அவர்களிடமே கேட்டுவிடலாம்.