படைப்புச் சமையல்: சாப்பாடு பிரமாதம், 'முழுப் பேக்கேஜ்' மட்டும் வேண்டாம்

சின்னவன் கல்யாணத்துக்கு முன்னால் பள்ளத்தூர் வீட்டில் படைப்பு வைத்தோம். சமையலுக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குழுவை அமர்த்தினோம். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

படைப்பு என்பது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், நகரத்தார் வீடுகளில் முன்னோருக்குப் புது வேட்டி சேலை வைத்து, சமைத்து இலை போட்டுக் கும்பிடுவது. பங்காளிகள் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று செலவைப் பகிர்ந்துகொள்வோம். சில வீடுகளில் சைவம்தான். எங்களுக்குக் கோழியும் கருவாடும் இல்லாமல் இலை நிறையாது.

அந்தக் குழுவின் தவசிப்பிள்ளையை, அதாவது சமையல்காரரை, நான் மெச்சுவதற்குக் காரணம் உப்பு. படைத்து முடிக்கும்வரை எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. அத்தனை பேருக்கான சமையலில் கை அளவை மட்டும் நம்பிப் போட வேண்டும். வெண்டைக்காய் மண்டி, வாழைப்பூக் கூட்டு, கருவாட்டுக் குழம்பு எதிலும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மண்டிக்கு அரிசி களைந்த தண்ணீரைக் கெட்டியாக எடுத்து வைத்திருந்தார். கவுனி அரிசியை முதல்நாள் ராத்திரியே ஊறப்போட்டதால் பூப்போல வெந்திருந்தது. கந்தரப்பம்தான் சுமார், உள்ளே வேகவில்லை. பாத்திரம் கழுவ வந்தவர்கள் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், சாம்பாரைச் சிந்திவிட்டு அப்படியே போனார்கள்.

இனி அந்தப் பேக்கேஜ். ஊருக்கு வர முடியாதவர்களுக்கு அவர்களே சமைத்து, அவர்களே படைத்து, போனில் வீடியோவும் அனுப்புகிறார்களாம். துபாயில் இருக்கும் கொழுந்தனார் மகன், "நல்ல வசதிதானே சின்னாத்தா" என்றான். எனக்கு ஒப்பவில்லை. சமைக்க ஆள் வைப்பது சரி, இந்த வயதில் என்னால் அண்டாவைத் தூக்க முடியாது. ஆனால் மாமியார் பேரைச் சொல்லி, அவருக்குப் பிடித்த வெள்ளைப் பணியாரத்தை இலையில் வைக்கிறவர் அவரைத் தெரிந்தவராக இருக்க வேண்டாமா?

கல்லூரியில் வரலாறு எடுக்கும் என் மகள் பந்தியில் ஒன்று சொன்னாள். பழைய ரோமில் பிப்ரவரி 13 முதல் 21 வரை பேரென்டாலியா என்று இறந்த பெற்றோருக்கான நாட்கள். கல்லறையில் தானியம், கொஞ்சம் உப்பு, மதுவில் நனைத்த ரொட்டி, வயலட் பூ வைப்பார்களாம். மறுநாள் 22 கரிஸ்தியா. அன்று உயிரோடு இருக்கும் சொந்தங்கள் மட்டும் கூடிச் சாப்பிட்டு, மனஸ்தாபம் இருந்தால் தீர்த்துக்கொள்வார்கள். கிறிஸ்தவம் வருவதற்கு முந்தைய வழக்கம். எங்கள் பந்தியிலும் கிணற்றுப் பங்குக்காகப் பேசாமல் இருந்த இரண்டு பெரியப்பச்சிகள் (பெரியப்பாக்கள்) பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். பேச்சு ரசம் வந்த பிறகுதான் தொடங்கியது, அதுவும் கருவாட்டைப் பற்றி. வீடியோவில் இது நடக்குமா?

இலைக்கு 450 ரூபாய். அசைவம் சேர்ந்ததால் அதிகம் என்று சொல்ல மாட்டேன். முன்பணம் பாதி கேட்பார்கள். தை, ஆவணி முகூர்த்த நாட்களில் ஆள் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பேசிவிடுங்கள். கந்தரப்பத்தை மட்டும் வீட்டு ஆச்சிகள் யாரிடமாவது கொடுத்துவிடலாம்.