தூத்துக்குடிக்கு முதலில் எது: கரை கரன்ட்டா, மெத்தனாலா?

மதுரையில் முகூர்த்த நாளில் கரன்ட் போன மண்டபத்தின் பின்பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும், ஜெனரேட்டர் புகை பந்தி வரை வரும். இங்கிருந்து 140 கிலோமீட்டர் தள்ளி, தூத்துக்குடியில் கட்டிக் கிடக்கும் கப்பலிலும் அதே கதைதான். பெரிய எஞ்சினை அணைத்த பிறகும் விளக்கு, பம்பு, ஏசிக்காகத் துணை எஞ்சின் ராப்பகலாக ஓடும். இந்தப் புகையைக் குறைக்க இரண்டு வழி: கரை மின்சாரம், இல்லையென்றால் பசுமை மெத்தனால் என்ற எரிபொருள்.

கரை மின்சாரம் என்பது அந்த ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, கரையிலிருந்து கேபிள் இழுத்துக் கொடுப்பது. கேட்க எளிதுதான். ஆனால் நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 துடிப்பு; பெரும்பாலான கப்பல்களுக்கு வேண்டியது 60. நடுவில் ஒரு மாற்றி வேண்டும். பெரிய கப்பலென்றால் 6.6 கிலோவோல்ட் இணைப்பும் வேண்டும். கப்பலிலும் அதற்கேற்ற பிளக் இருந்தால்தான் ஆச்சு. அப்புறம் இன்னொரு சங்கடம்: துறைமுகத்தை ஒட்டியே 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. புகைபோக்கி கப்பலிலிருந்து கரைக்கு இடம் மாறினால் அது பசுமையா? ஆடிக் காற்றில் கயத்தாறுக் காற்றாலைகள் சுற்றும்போது தைரியமாக ஆமாம் என்பேன். காற்று ஓய்ந்த மாதங்களில் பாதி ஆமாம்தான்.

பசுமை மெத்தனால் என்பது காற்றாலை, சூரிய கரன்ட் மாதிரி பசுமைக் கரன்ட்டைக் கொண்டு தயாரிக்கும் திரவ எரிபொருள். அதன் பலம் வேறு. கேபிள் துறைமுகத்தோடு நின்றுவிடும், இது நடுக்கடலிலும் கூட வரும். ஹைட்ரஜனைப் போல மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்கவும் வேண்டாம், சாதாரண டேங்கிலேயே நிற்கும். ஆனால் டீசலில் பாதிக்கும் குறைவான சக்தி என்பதால் டேங்க் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். கரன்ட்டிலிருந்து ஹைட்ரஜன், அதிலிருந்து மெத்தனால், பிறகு எஞ்சினில் எரிப்பு என்று கைமாறுவதில் சக்தியில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். 2025 செப்டம்பரில் தூத்துக்குடித் துறைமுகத்தில் அடிக்கல் நாட்டிய மெத்தனால் கிடங்கின் கொள்ளளவு 750 கன மீட்டர். மெத்தனாலில் ஓடும் ஆனே மெர்ஸ்க் என்ற ஒரு கப்பலின் டேங்க் மட்டுமே 16,000. அன்றே திறந்த ஹைட்ரஜன் ஆலையோ மணிக்கு 10 கன மீட்டர், தெருவிளக்குக்குச் சரி.

என்னைக் கேட்டால் முதல் பணம் கேபிளுக்குத்தான். அதிலும் முதல் இணைப்பு கப்பலுக்கு வேண்டாம், பெரிய கப்பல்களை இழுத்துத் தள்ளித் துறைக்குள் கொண்டுவரும் டக் படகுகளுக்குப் போடலாம், அதுவும் பேட்டரியில் ஓடும் டக் என்றால். மத்திய அரசின் பசுமை டக் திட்டத்தில் தூத்துக்குடியும் இருக்கிறது. டக் எங்கே சுற்றினாலும் அதே ஜெட்டிக்குத்தான் திரும்பும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற 50, 60 தகராறும் இல்லை.